ஏழாம் வரிசையைப் பிடித்த பேய்

கம்போடியத் தலைநகர் புனோம் பென் ஓரத்துத் தையல் ஆலையில் ஏழாம் வரிசைக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒருத்தி மயங்கி விழ, அவளைப் பார்த்து அடுத்தவள் விழ, ஒரே வாரத்தில் நாற்பது பெண்கள் சாய்ந்தார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, இறுகச் சாத்திய கதவு, வயிற்றில் வெறும் கஞ்சி. பேய் நல்ல வசதியான இடமாகத்தான் பார்த்து வந்திருக்கிறது.

நிர்வாகம் டாக்டரைக் கூப்பிடவில்லை. மந்திரவாதி சுவோனைக் கூப்பிட்டது. பன்றித் தலை, வாழைச் சீப்பு, சிவப்புச் சோடா எல்லாம் படையலுக்கு வந்தன. மூன்று முறை கைதட்டுவார். ஜிலுஜிலுவென்று காற்று வரும். விழுந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

"இது பேயில்ல, நிலத்துச் சாமி. அது வெளியேறுற காத்து" என்பார். ஆயிரம் பேர் கும்பிடுவார்கள். சாமி சோடாவைத் தொடாது. சுவோன் அதை வீணாக்கவும் மாட்டார்.

அதே வரிசையில் தைக்கும் சன்தூவுக்குக் கும்பிட மனமில்லை. அவள் தங்கை ரும்னியா மூன்று தடவை விழுந்தவள். "சாமிக்கு ஆகாதவங்களை இந்த வாரத்தோட நிறுத்திடுவோம்" என்று மேலாளர் பட்டியல் போட்டிருந்தார். முதல் பெயரே ரும்னியா.

அன்றைய பூஜையில் அவள் மந்திரவாதியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். மூன்றாவது தட்டலுக்குக் காவலாளி சுவரோரத்துச் சுவிட்சைப் போட்டான். மின்சாரச் செலவுக்குப் பயந்து எப்போதும் அணைத்தே வைத்திருந்த பெரிய காற்றாடிகள் சுழன்றன.

மறுநாள் பூஜைக்கு முன்பே ஐந்து பெண்களோடு அந்தச் சுவிட்சை மறைத்து நின்றுகொண்டாள். சுவோன் தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளங்கைதான் சிவந்தது.

"சாமி கோவமா இருக்கு."

"கோவம் தணியுற வரைக்கும் எங்க கூட உக்காருங்க மாமா. இது என் தங்கச்சி இடம். காலர் தைக்க வேணாம், சும்மா உக்காந்தா போதும்."

ஆயிரம் பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பட்டு அங்கியோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி ஆவி கக்கியது. இருபதே நிமிடம். மந்திரவாதி சாய்ந்தார்.

"ஐயையோ, அவரையே பிடிச்சிருச்சு" என்றது கூட்டம்.

சன்தூ கைதட்டவில்லை. சுவிட்சைத்தான் போட்டாள். காற்று வந்தது. சுவோன் கண்ணைத் திறந்தார்.

"சாமி போயிருச்சா மாமா?"

"ஃபேனை மட்டும் அணைச்சிராதம்மா" என்றார் அவர், பரிதாபமாக.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேலாளர் ஓடி வந்தார். ரும்னியா எழுந்து நின்றாள். "சார், இவரும் சாமிக்கு ஆகாதவர்தான். இவர் பேரையும் பட்டியல்ல சேர்த்துக்கங்க."

மேலாளர் பட்டியலைக் கிழித்துப் போட்டார். கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.