வோல்ட்டு மாமா பிடுங்கிய பதினோரு பியூஸ்கள்

மைசூரில் எங்கள் தெருவில் வோல்ட்டு மாமாவைத் திட்டாமல் காலைக் காப்பி குடித்தவர் ஒருவரும் கிடையாது. நானும் வஞ்சனையில்லாமல் திட்டியிருக்கிறேன்.

மாமாவுக்கு மின்சார ஆபீசில் மீட்டர் சோதிக்கிற உத்தியோகம். மகாராஜா காலம், வீட்டில் இரண்டு பல்பு எரிந்தாலே பெரிய மனிதர் என்று பெயர். இரண்டு முள் வைத்த மரப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அழைக்காத வீட்டிலும் நுழைவார். ஒரு முள் வோல்ட் சொல்லும், மற்றது ஆம்பியர். வகுத்தால் பல்பின் தடை. பெருக்கினால் அது தின்னும் வாட். கல்யாண வீட்டில் பந்தல் விளக்கை வகுத்துப் பெருக்கிவிட்டுத்தான் அட்சதை போடுவார். அதற்குள் தாலி ஏறி, பந்தியே தொடங்கியிருக்கும்.

ஒரு வருஷம் தசராவுக்குச் சற்று முன், என் மனைவி கமலா ஏழாம் மாதத்திலேயே பெண் பெற்றாள். கையகலக் குழந்தை. "சூடு கொறையாம பாத்துக்கோங்க. குளிர்ந்துட்டா அவ்வளவுதான்" என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். மாமா தானாகவே வந்தார். பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி, தகரத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பல்பு பொருத்தி, தன் முள்ளையும் இணைத்தார்.

"இருநூத்திமுப்பது வோல்ட், அரை ஆம்பியர். தடை நானூத்தறுபது ஓம். சூடு நூத்திப்பதினஞ்சு வாட். இது கொறையப்படாது."

"கணக்கைத் தூக்கிக் குப்பையிலே போடுங்கோ மாமா! எம்பொண்ணு பொழைப்பாளா?" என்று கத்தினேன்.

"அது என் முள்ளுலே தெரியாதுப்பா" என்றார்.

தசரா ஏழாம் நாள் சாயங்காலம். கொலுவுக்காகத் தெரு முழுக்க வாடகைப் பல்புச் சரம். நாங்கள் லைனின் கடைசி வீடு; எல்லாச் சரமும் தின்றது போக மிச்ச வோல்ட்டுதான் எங்களுக்கு. எங்கள் பல்புகள் மங்கிச் சிவந்தன. குழந்தையின் பாதம் சில்லிட்டது. பெட்டியருகே உட்கார்ந்திருந்த மாமா முள்ளைப் பார்த்து அலறினார். "நூத்தியெண்பது வோல்ட்! ஆம்பியரும் எறங்கிடுத்து. எழுபத்தேழு வாட்டுதான்பா!"

வீடு வீடாக ஓடி, சரத்தை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினார். எதிர்வீட்டு ரிடையர்டு தாலுகா அமல்தார் சீறினார். "தசராவும் அதுவுமா வெளக்கை அணைக்கச் சொல்றீரே, ஓமக்கென்ன ஹுச்சா, பைத்தியமா புடிச்சிருக்கு?"

மாமா உடனே, அமல்தார் வாசலிலிருந்த பீங்கான் பியூஸைப் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். பிறகு அடுத்த வீடு. பதினோரு வீடு இருட்டானது. அமல்தார் விட்ட அறையில் மாமாவின் மூக்குக் கண்ணாடி சாக்கடைக்குப் போயிற்று. தடவித் தடவி எங்கள் வீட்டுக்கு வந்து, "முள்ளு தெரியலை, நீ படிப்பா" என்றார்.

"இருநூத்திமுப்பது, மாமா."

சரம் போடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்கு மட்டுமே பியூஸ் திரும்பக் கிடைத்தது. புகார் பறந்தது, மாமாவின் வேலை போயிற்று.

விஜயதசமி காலையில் குழந்தையின் மூச்சு நின்றது. நுரையீரல் முதிரவில்லை என்றார் டாக்டர். "இதுக்கா எங்களை இருட்டுலே உட்கார வச்சான்?" என்று கேட்டுவிட்டு, தெருவே யானை ஊர்வலத்துக்கு இடம் பிடிக்கப் போயிற்று. அவர்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

"அதுக்கப்புறம் நூத்திப்பதினஞ்சு கொறையவே இல்லையேப்பா" என்று மாமா தேம்பினார்.

கமலா பெட்டிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கதகதன்னுதான் இருக்கா மாமா. எம்பொண்ணு குளிர்லே போகலை."

அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு அழுதேன். இன்று நினைத்தாலும் கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.