அத்தானின் சட்டைக்குள் என் கை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உன் அப்பாவின் வலது கை மட்டும் சுகத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி, "அவன் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோ" என்று சொல்லிவிடுகிறாள். கடிதத்தில் யாரும் கழிக்க முடியாதல்லவா, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்த கைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட்டும் அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் கொடுத்தனுப்பியதை அம்மா சொல்லியிருப்பாள். அதற்குள் இருப்பது செயற்கை நுண்ணறிவு. ஒரே கேமராவால் பார்ப்பதால் நம் வீட்டில் அதற்குப் பெயர் ஒற்றைக்கண்ணன். அத்தான் எதிரில் உட்கார்ந்து கையைத் தூக்கினால், அவர் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி வைத்து, கோடு இழுத்து, திரையில் ஒரு குச்சி மனிதனாக்கிக் காட்டும். கை எவ்வளவு போனது, உடம்பு சாய்ந்ததா, நேற்றைக்கு இன்று எப்படி என்று பார்த்து நூற்றுக்கு மார்க் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். இதையெல்லாம் பிசியோதெரபி பெண் எனக்கு விளக்க வந்தாள். பாதியிலேயே நிறுத்தி மீதியை நானே அவளுக்கு விளக்கிவிட்டேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லைதான்; ஆனால் என்னைப் படித்தால் கம்ப்யூட்டருக்கு நல்லது.

சிக்கல் எங்கே வந்ததென்றால் மார்க்கில். ஆஸ்பத்திரியில் இந்த இயந்திரங்கள் குறைவு. அடுத்த பரிசோதனையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் பயிற்சியை நிறுத்தி, இயந்திரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். பயிற்சி நின்றால் கை நின்றது, கை நின்றால் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலையும் நின்றது. முதலாளி அவர் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார், எத்தனை நாளைக்கு வைப்பார்? அத்தானோ நாள் முழுக்க வியர்த்து முப்பது மார்க் வாங்கிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் மூளையுள்ளவன் சும்மா இருக்கலாமா? உன் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலியை அலமாரியை ஒட்டிப் போட்டேன், பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு அதற்குள் மண்டியிட்டேன், அத்தானுடைய தொளதொளச் சட்டையின் வலது கை வழியாக என் கையை வெளியே விட்டேன். அவருடைய கை சட்டைக்குள் வயிற்றோடு பத்திரமாக இருந்தது. அவர் "வேண்டாம்" என்றார். பெரிய மனிதர்கள் உதவியை முதலில் அப்படித்தான் மறுப்பார்கள். நான் தூக்கிய தூக்கில் ஒற்றைக்கண்ணன் திக்குமுக்காடித் தொண்ணூற்றிரண்டு போட்டது. நடுவில் அவர் மூக்கு அரித்ததென்று முனகினார், அதையும் நானே சொறிந்துவிட்டேன். நுண்ணிய அசைவு என்று அதற்குத் தனி மார்க் வந்தது. அந்த வாரம் முழுக்க இந்த வீட்டில் என் கைதான் முதல் மாணவன்.

ஆனால் இயந்திரத்துக்கு நன்றி என்பது கிடையாது மாப்பிள்ளை. மார்க்கைப் பார்த்ததும் மேசைமேல் துண்டைத் தள்ளித் துடைக்கும் பயிற்சியை ரத்து செய்து, நேரே தண்ணீர் பாட்டில் தூக்கும் வகுப்புக்கு அவரை ஏற்றிவிட்டது. பரிசோதனை நாளில் டாக்டர் முன்னால் மூடி திறந்த, நிரம்பிய பாட்டிலை வைத்தார்கள். அத்தான் தொட்டதும் அது சாய்ந்து டாக்டரின் மடியில் ஒரு குளம். அத்தான் தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. பிசியோ பெண் சத்தம் போடாமல் பழைய பதிவுகளைத் திறந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்குப் போன வாரம் முன்கை ரெண்டு விரல் நீளம் கூடியிருக்கு. அதுவும் தோள்லேர்ந்து வரலை, விலாவுலேர்ந்து முளைச்சிருக்கு" என்றாள். பிறகு அவளும் உன் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். நான் இதன் விஞ்ஞானக் காரணத்தைத் தெளிவாக எடுத்துரைத்தேன். உன் அம்மா கேட்டுவிட்டு, "நீ தூக்கின கை உன்னோட உன் வீட்டுக்குப் போயிடும்டா. அவர் கை இங்கேயே கிடக்கும்" என்றாள். நான் டாக்டரின் மடியைத் துடைக்கத் துண்டு தேடப் போனேன்.

பிசியோ பெண் நல்லவள். அந்த வாரத்தையே அழித்துவிட்டு, டாக்டரிடம் பேசிப் பயிற்சியை மறுபடி வாங்கிக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை, நான் படத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒற்றைக்கண்ணன், "வேறு நபர் இருக்கிறார், தயவுசெய்து விலகவும்" என்கிறது. தண்ணீர் கொடுக்கப் போனாலும் சொல்கிறது. இத்தனை நோயாளிகள் வீட்டில் இப்படித் தனியாக மரியாதை செய்யப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது மறுபடி துண்டு, மறுபடி மேசை. கை முன்பைவிடக் குறைவாகத்தான் போகிறது என்று நான் புகார் செய்தேன். அதற்குப் பிசியோ பெண், முன்பு அத்தான் உடம்பையே சாய்த்துக் கையை இழுத்துக்கொண்டு போனார், இப்போது உடம்பு நேராக இருக்க, கை தானாகப் போகிறது, கொஞ்சமானாலும் அது கையினுடையது என்றாள். மார்க்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. மேசை அடிக்கிற பளபளப்பில் முகம் பார்க்கலாம். நேற்று நான் துண்டை எடுத்துக் கொடுக்கப் போனபோது அத்தான் "நானே" என்றார். என்னுடைய தூண்டுதல்தான்.

ஆகவே நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வரப் போவதாகச் சொன்னாயே, அதெல்லாம் வேண்டாம். அத்தானுக்கும் அதுதான் விருப்பம். நான் ஒருவன் இருக்கும்போது பிள்ளை எதற்கு? அச்சக முதலாளியிடமும் அடுத்த மாதம் அவர் வந்துவிடுவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும், மாமனின் மூளையில் ஒரு பங்கும் கிடைக்கட்டும்.

என்றும் உன் நன்மையை நாடும்,
தாய்மாமன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கட்டும் என்று உன் அப்பாவிடம் கொடுத்தேன். மேசையில் விரித்து வைக்கச் சொன்னார், பேனாவை வலது கையில் செருகச் சொன்னார். எழுத்துப்பிழை எதையும் தொடவில்லை. என்னைப் பற்றி நான் எழுதிய இடங்களாகப் பார்த்து, முஷ்டியில் பேனாவைப் பிடித்து, வியர்த்து வியர்த்து அடித்துக்கொண்டே போனார். வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியே அனுப்பு" என்றாள். கோடெல்லாம் நடுங்கியிருக்கும். ஆனால் ஒன்றுகூட வரி தப்பி விழவில்லை. நீ வர வேண்டாம் என்று எழுதிய வரியை மட்டும் இரண்டு தடவை அடித்திருக்கிறார்.