பெருமாளுக்கு வால் காட்டாத விமானம்

எனக்கு இடது எது, வலது எது என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆபத்தே அங்கேதான்.

என் மனைவி மைதிலி துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் சூப்பர்வைசர். வருஷக்கணக்காக நண்பர்களின் ரிமோட் விமானங்களை ஓட்டிப் பழகியவள், எட்டு மாதத்து ஞாயிறுகளையெல்லாம் போட்டு, சொந்தமாக ஒன்று செய்தாள். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ஹாலில் அது இருந்தால் நாங்கள் சுவரோரமாக நடக்க வேண்டும். மரச்சட்டங்களை ஒட்டும்போது அவள் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். நான் ஒரு வரியை எட்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுகிற கவிஞன். (அவள் எதையும் கிழித்துப் போட்டதில்லை.)

முதன்முதலாகப் பறக்கவிடும் நாளுக்கு முந்தின நாள் அவளுக்கு ஷிப்ட். மிச்சம் ஒரே வேலை. வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கானை, உடலுக்குள் இருக்கும் குட்டி மோட்டாரோடு இரண்டு மெல்லிய கம்பிகளால் இணைக்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக.

“நான் பண்றேனே.”

“நீங்களா?”

“ரெண்டே கம்பிதானே மைதிலி!”

“சரி. ரிமோட்டுல இருக்கற குச்சிய இடது பக்கம் தள்ளுனா சுக்கான் இடது பக்கம் போகணும். அது ஒண்ண மட்டும் பாத்துக்குங்க.”

மாட்டினேன். முதல் தடவையே சரியாக மாட்டியிருந்தேன் என்பதுதான் சோகம். அப்புறம்தான் கவனித்தேன்: விமானத்தின் வால், சுவரிலிருந்த ரங்கநாதர் படத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கோயில் பக்கம் கால் நீட்டாமல் தூங்கிப் பழகியவன் நான், மனசு கேட்கவில்லை. சோபாவை நகர்த்தி விமானத்தைத் திருப்பிவைத்தேன். வால் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டது. நிற்க இடம் மூக்குக்கு முன்னால்தான். (நான் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்கு உறைக்கவே இல்லை.)

குச்சியை இடது பக்கம் தள்ளினேன். சுக்கான் என் வலது கைப்பக்கம் போயிற்று. தப்பு! இரண்டு மணி நேரம், விரலெல்லாம் குத்துப்பட, கம்பிகளை மாற்றி மாட்டினேன்.

மறுநாள் ஜீயபுரம். வாழைத்தோப்பை ஒட்டி நீளமாக ஒரு பொட்டல். மைதிலி குனிந்து இறக்கைத் திருகை முடுக்கிக்கொண்டே ரிமோட்டை ஒருமுறை அசைத்தாள்.

“சுக்கான் சரியாங்க?”

மூக்குக்கு முன்னால் சூடம் காட்டிக்கொண்டிருந்த நான், “இடதுன்னா இடது. சுத்தமா இருக்கு!” என்றேன்.

விமானம் ஓடியது. கொஞ்சம் வலது பக்கம் இழுத்தது. அவள் இடது கொடுத்தாள். இன்னும் வலது பக்கம் போயிற்று, நேராக வாழைத்தோப்புக்கு. எட்டு மாதம் மண்ணில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

“இடது! இன்னும் இடது!” என்று நான் கத்தினேன்.

மைதிலியின் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு, வாழை இருந்த வலது பக்கமே குச்சியைத் தள்ளினாள்.

விமானம் நிமிர்ந்தது. எழும்பியது. ஒரு வாழையிலையைக் கிழித்துக்கொண்டு காவிரிக்கு மேல் போய், வெயிலில் வெள்ளையாகத் திரும்பியது. வருஷக்கணக்காகப் பழகிய கையை ஒரே நொடியில் தலைகீழாக்கி, ஒவ்வொரு திருப்பத்தையும் மாற்றி யோசித்து அவள் அதை ஓட்டினாள். என் ஆயுசில் நான் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. பூனை குதிப்பதுபோல் இறக்கினாள்.

நான் கைதட்டினேன். அவள் வரப்பில் உட்கார்ந்தாள்.

“கம்பிய மாட்டிட்டு எங்க நின்னு பாத்தீங்க?”

“மூக்குக்கு முன்னால. வால் பெருமாள் பக்கம் நீட்டக் கூடாதேன்னு திருப்பி வச்சேன்...”

“வாலுக்குப் பின்னாடி நின்னுல்ல பாக்கணும்? எதிர்ல நின்னா இடது வலதாயிடுமே!” என்றாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

இப்போதெல்லாம் கம்பி மாட்டும் நாளில் பெருமாள் படம் அடுப்படிக்குப் போய்விடுகிறது. ஸ்கூட்டரில் போகும்போது நான் பின்னாலிருந்து, “இடது பக்கம் திரும்பு” என்றால், “வாலுக்குப் பின்னாடி நின்னு சொல்றீங்களா?” என்பாள்.

“வால்லதான் உக்காந்திருக்கேன் மைதிலி.”

ஆனாலும் ஒருமுறை தானே பார்த்துக்கொண்டுதான் திரும்புகிறாள்.