புடவைக்கடை விளம்பரத்தில் என் முகம்

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு, திருப்பதியில் ஒரு துணிக்கடையின் முதல் மாடியில், கணவன்மார்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், எதிர்ச் சுவரில் இருந்த பெரிய கடிகாரம். அந்த இடத்தில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலிகளில் என்னைப் போலவே மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிலர் அதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்கு மயங்காத மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. டப்பாவின் மேல் படத்தில் இருக்கும் மாம்பழத்துக்கும் உள்ளே போகும் மாம்பழத்துக்கும் என்ன உறவு என்பது எனக்குத் தெரியும் (தூரத்து உறவு). அதனால் டிவியில் எது வந்தாலும் "எல்லாம் சும்மாடி" என்று வீட்டில் உபதேசம் செய்வேன். அப்படிப்பட்டவன் திருப்பதியில் என்ன ஆனேன் என்பதுதான் விஷயம்.

என் மகள் ரம்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சூளூர்பேட்டையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. திருமலையில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது போல இரண்டு குடும்பமும் சந்தித்தோம். முடிவாகும் வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது பேச்சு. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் என் செல்போனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்தே கல்யாண மண்டபம், ஸ்வீட் பாக்ஸ், மருதாணி போடுகிறவர்கள், "பெண்ணின் அப்பாக்களுக்கான" தலைச்சாயம் என்று வரிசையாகக் காட்ட ஆரம்பித்தது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லாத விஷயத்தை அது எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை பையன் வீட்டார் சரி என்றார்கள். வரும் ஞாயிறே நிச்சயம், பையனுக்கு லீவு அப்போதுதான். இனி முதலில் சொல்ல வேண்டியது என் மச்சானுக்கு. மச்சான் என்றால் என் மனைவி மல்லிகாவின் அண்ணன், ரம்யாவுக்குத் தாய்மாமன். நகரியில் விசைத்தறி வைத்துப் புடவை நெய்கிறவர். எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் பெண் தரப்பில் தட்டு மாற்ற உட்கார வேண்டியவர் தாய்மாமன்தான். அவருக்குப் போனில் சொல்லக்கூடாது. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்குப் போய், கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்குப் பிறகு சொல்லப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ள முடியாது. அவருக்கு முன்னால் ஒருத்தருக்குத் தெரிந்துவிட்டால் அவர் வாசற்படி மிதிக்கமாட்டார்.

"செவ்வாக்கெழமை தாம்பூலம் எடுத்துக்கினு போவக்கூடாது. புதங்கெழமை காலையில போலாம்" என்றாள் மல்லிகா.

அந்தச் செவ்வாய்க்கிழமையை வீணாக்க வேண்டாமே என்று திருப்பதிக்குப் போனோம். வாங்குவதற்கு இல்லையாம். சும்மா பட்டுப்புடவை பார்ப்பதற்காம்.

நாற்காலிக்கு வருகிறேன். ஒரு பெண் வந்தாள். ரம்யா வயதுதான் இருக்கும். கையில் குட்டி மைக், பின்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி.

"அங்கிள், ஒக்க நிமிஷம் ப்ளீஸ். தெலுகா, தமிழா?"

"ரெண்டும்" என்றேன். (இதிலேயே ஒரு கர்வம்.)

"சூப்பர் அங்கிள்! என்ன ஃபங்ஷன்?"

என் வயதில் இருக்கிற தகப்பன்மார்களுக்கு நான் சொல்வது புரியும். வீட்டில் என்னிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்பதில்லை. "தண்ணி மோட்டார் நிறுத்தினீங்களா?" என்பதுதான் கடைசியாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. இங்கே முகத்தில் வெளிச்சம் போட்டு, மைக்கை நீட்டி, நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஒருத்தி தலையாட்டுகிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சூப்பர்.

"எம் பொண்ணுக்கு நிச்சயம்மா. ஞாயித்துக்கெழமை. சித்தூர்ல. பையன் சூளூர்பேட்டை."

"வாவ்! ஏன் அங்கிள் எங்க கடைக்கு வந்தீங்க? உங்க பக்கமே நெறைய புடவை கெடைக்குமே?"

நியாயமான ஒரு மனிதன் இங்கே "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்குது, அதான்" என்று சொல்லியிருப்பான். உண்மையும் அதுதான்.

நான் சொன்னது இது: "கெடைக்குதும்மா. எங்க மச்சானே நகரியில தறி ஓட்டறாரு. வீட்ல தொறந்த பக்கமெல்லாம் புடவைதான். ஆனா அதெல்லாம் ஒரு புடவையா? நிச்சயம்னா ஒரு இது வேணாமா?"

இதற்குப் பிறகு "சும்மா தமாசுக்குச் சொன்னேன், எங்க மச்சான் தங்கமான மனுசன்" என்றும் சொன்னேன். ஆண்டவன் சாட்சியாகச் சொன்னேன். பாராட்டாக ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மூடி சரியாக மூடாத பாட்டில். மல்லிகா புடவைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "இது ஏது?" என்று கேட்டாள். "கடையில குடுத்தாங்க" என்றேன். ரொம்பப் பெருமையாக.

ஊர் திரும்பும் பஸ் பாகாலா தாண்டும்போது ரம்யா போன் செய்தாள்.

"நைனா, நீ என்ன பண்ணி வெச்சிக்கிற?"

"ஏம்மா?"

"எங்க ஆபீஸ்ல உன்னைப் பாத்து சிரிச்சிக்கினு இருக்காங்க. லிங்க் அனுப்பறேன். அம்மாகிட்ட இப்ப காட்டாத."

ஆனால் மல்லிகா பக்கத்து சீட்டில்தானே இருந்தாள்? இரண்டு பேருமாகப் பார்த்தோம். என் முகம் திரை முழுக்க. "எம் பொண்ணுக்கு நிச்சயம்மா, ஞாயித்துக்கெழமை." கீழே மஞ்சள் எழுத்தில் 'சண்டே எங்கேஜ்மென்ட்!' பிறகு "எங்க மச்சானே நகரியில தறி ஓட்டறாரு." அங்கே படம் நின்று, ஒரு வயலின் அழுகிறது. "அதெல்லாம் ஒரு புடவையா?" டமால் என்று ஒரு சத்தம். என் முகம் மெதுவாகப் பெரிதாகிறது. மறுபடியும் "ஒரு புடவையா?" டமால். மூன்றாவது முறை என் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. கடைசியில் கடையின் பெயர். தங்கமான மனுசனைக் காணோம்.

மல்லிகா போனை என் மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்க கழுத்துல கத்தி வெச்சாளா?"

"இல்ல."

"மைக்குதான் வெச்சா?"

"ஆமா."

"எங்கண்ணன் தறிக் கொட்டாயில வேலை செய்யற அத்தினி பேரும் நாள் முழுக்க போனைத்தான் பாத்துக்கினு கீறாங்க. அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

அவருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மச்சான் போனை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரீலை எடுக்கச் சொல்லிக் கடையின் இணையப் பக்கத்திலேயே ஒரு கமென்ட் போட்டேன். "தயவுசெய்து நீக்கவும், குடும்பப் பிரச்சினை." அதற்குக் கடைக்காரர்கள் ஒரு இதயமும் இரண்டு கைகூப்பும் போட்டார்கள். அதன் கீழே யாரோ ஒரு புண்ணியவான், "அங்கிளே வந்துட்டார்!" என்று எழுதி மேலும் நூறு பேரைக் கூட்டிவந்தார். கடைக்குப் போன் செய்தால், தள்ளுபடிக்கு ஒன்றை அழுத்தவும், கிளைகளுக்கு இரண்டை அழுத்தவும் என்று ஒரு குரல். மானம் போனவர்களுக்கு எண் எதுவும் ஒதுக்கவில்லை. எடுத்துவிட்டார்களா என்று நான் திறந்து திறந்து பார்த்ததில், இந்த ஆளுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது என்று போன் முடிவு கட்டியது. மறுநாள் செய்தி பார்க்கலாம் என்று திறந்தால், செய்திக்கு நடுவே விளம்பரமாக நானே வந்தேன். ஐந்து விநாடிக்கு என்னை என்னாலேயே தள்ள முடியவில்லை.

(இப்போதும் ஆடித் தள்ளுபடி வந்தால் அந்த ரீல் வருகிறது. தீபாவளிக்கு என் தலையில் ஒரு தொப்பி வரைந்து போட்டார்கள்.)

புதன்கிழமை காலை தட்டோடு நகரிக்குப் போனோம். மச்சான் வீட்டு வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தார். மல்லிகாவுக்கு அண்ணி, எனக்கு அக்கா முறை. எப்போதும் வாய் நிறைய "வாங்க தம்பி" என்பவர்.

"வாங்க சார், வாங்க. பெரிய எடத்துக்கெல்லாம் போயி வந்துகிறீங்க. எங்க வூட்ல பிளாஸ்டிக் சேருதான் கீது, பரவால்லியா?"

"அக்கா, அவங்க வெட்டி ஒட்டிட்டாங்க..."

"எதை வெட்டினாங்க, எதை ஒட்டினாங்கன்னு எனக்கு இன்னாத்துக்கு? வாயி உங்களுதுதானே?"

பின்கட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறி ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வந்து, "சார், ஒரு செல்ஃபி?" என்றார். மறுக்கத் தைரியம் வரவில்லை. எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் தாம்பூலத் தட்டோடு நான் இளித்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணன் எங்க அண்ணி?" என்று மல்லிகா கேட்டாள்.

"நூலு வாங்கப் போயிகிறாரு. எப்ப வருவாரோ."

"இந்தத் தட்டை நீங்களாச்சும் வாங்கிக்குங்க அண்ணி."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் கையை நீட்டவில்லை. "அவரு கையில குடுக்க வேண்டியத நான் வாங்கினா நாளைக்கு எனக்குப் பேச்சு வரும் மல்லிகா. சோறு துன்னுட்டு போங்க" என்றார். சாப்பிட்டோம். தட்டோடு திரும்பினோம். பஸ்ஸில் வெற்றிலை என் மடியிலேயே வாடியது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மல்லிகா பேசினாள். அவள் அண்ணனோடு பேச முடியவில்லை. என்னோடு பேசவில்லை. மற்ற எல்லாரோடும் பேசினாள். ராத்திரிகளில் நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றினால் பையன் வீட்டார் என்ன நினைப்பார்கள்? பெண் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதானே? என் வாயால் என் பெண்ணின் நிச்சயம் நின்றுபோனால், அதற்கு ஒரு தண்ணீர் பாட்டில்தான் ஈடா? ரம்யா சனிக்கிழமை வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "விடு நைனா" என்று சொல்லிவிட்டுத் தோளில் தட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். வேனிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் என்னைப் பார்த்தவுடன் சிரித்தார்கள். பார்த்த முகம் என்ற சிரிப்பு. ஒரு சின்னப் பெண் "டமால்!" என்றாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

காபி கொடுத்தோம். கேசரி கொடுத்தோம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது. அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து வேட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. பையனின் அப்பா சாதுவான மனிதர். என்னைத் தனியாக அழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நாங்களும் அந்த வீடியோ பாத்தோம். சிரிச்சோம், அது வேற விஷயம். ஆனா பொண்ணோட மாமன் வரலைன்னா எங்க பெரியவங்க ஒரு மாதிரி பேசுவாங்க. ஏதாச்சும் மனஸ்தாபமா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. "ஆமாங்க. தப்பு எம்மேலதான். பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா அந்த வாரத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. மச்சானும் அக்காவும் இறங்கினார்கள். மச்சான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு புடவை. நேராக என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்து நான் கைகூப்பினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு, தூணைச் சுற்றிக்கொண்டு போவது போல, உள்ளே போனார். மல்லிகா தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ரம்யா காலில் விழுந்தாள். புடவையை அவள் கையில் வைத்து, "போய் கட்டிக்கினு வா" என்றார். பிறகு பெண் வீட்டார் பக்கம் போட்டிருந்த ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தனை கண்ணும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன.

பிறகு அவர் பையனின் அப்பா பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னதை, எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தி முடிவதற்குள் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் சொல்லாமல் விடுவதில்லை:

"ஒண்ணுத்துக்கும் பயப்படாதீங்க சம்பந்தி. பொண்ணு கொணத்துல என் தங்கச்சி மாதிரி. அவங்க நைனா மாதிரி இல்ல. தைரியமா தட்டை மாத்துங்க."