புழக்கடை எரிமலை

"பூமிக்குள்ள நெருப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும். அது எதுக்குங்க நம்ம புழக்கடைக்கு வந்து நிக்கணும்?"

"எங்கயாவது ஒரு இடத்துல மேல வந்துதானே ஆகணும்?"

"சூரியன் வந்தாரு, நஷ்டப்பட்டுப் போனாரு. காத்து வந்தாரு, நம்மளை நஷ்டப்படுத்திட்டுப் போனாரு. இப்ப பூமி முறையா?"

விடுதிக்காரரின் மனைவி சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஆறே அறைகள் கொண்ட அந்த விடுதியின் மொட்டைமாடியில் அவர் ஆசையாக வாங்கிப் பதித்த சூரியத் தகடுகள், எதிரே புதிதாக முளைத்த ஐந்து மாடிக் கட்டடத்தின் நிழலில் பகலெல்லாம் தூங்கின. அடுத்து வைத்த காற்றாலை, தங்க வந்த ஒருவரையும் தூங்கவிடவில்லை. அப்படி ஒரு கிறீச்சல்.

ஆனால் மூன்றாவது அவர் தேடிப் போனதல்ல; தானாக வந்தது. புழக்கடையில், மதிலோரத்துப் பாழுங்கிணற்றுக்குப் பக்கத்தில், தண்ணீருக்காகத் துளை போட்டார்கள். கையில் காசு தீர்ந்த இடத்தில் துளையும் நின்றது. குழாயைத் திறந்தால் ஆவி பறக்க வெந்நீர்! மனைவியின் தம்பி அதில் விரலை விட்டுப் பார்த்து, "அத்தான், இது தண்ணி இல்ல, புவிவெப்பம்!" என்று கூவினான். அன்று முதல் விடுதிக்காரரின் நடையே மாறிவிட்டது. சொந்தமாக ஒரு எரிமலை வைத்திருப்பவர் வேறு எப்படி நடப்பார்? கண்ணை மூடினால், காலடியில் ஒரு கொதிக்கும் ஆறு இருட்டில் சுருண்டு சுருண்டு ஓடுவது தெரிந்தது. அதைக் குழாய் போட்டுத் தெரு முழுக்க விற்க வேண்டும். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். கடன் அதிகாரி இன்று காலை பார்வையிட வருகிறார்.

"அந்த மேடம் முடியாதுன்னுட்டா என்ன செய்யறதா சொன்னீங்க?"

"குழியை மூடிட்டு, அங்க உனக்குத் தையல் அறை கட்டித் தரேன்னு சொன்னேன்."

"ஞாபகம் இருந்தா சரி." அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்தாள் அவள். தையல் இயந்திரம் நடைவழியில் கிடந்தது. விடுதிக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் ஒருமுறையாவது இடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மச்சான் தலைதெறிக்க ஓடி வந்தான். "அத்தான்! பூமி ஆறிப்போச்சு!"

விடுதிக்காரர் ஓடிப்போய்க் குழாயடியில் கையை நீட்டினார். பச்சைத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். அதைவிடப் பச்சையாக வந்தது.

"கோடிக்கணக்கான வருஷமா எரிஞ்சது, இன்னைக்குத்தான் அணையணுமா?" என்று தலையில் கை வைத்தார்.

மதில் மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்துச் சலவைக்கடை அக்கா. "என்ன தம்பி, காலையிலேயே கூச்சல்?"

"ஒண்ணுமில்லக்கா. உங்களுக்குக் கடையில வேலை இல்லையா?"

"எல்லாம் பழுதாகி நிக்குது. மெக்கானிக் குடைஞ்சுக்கிட்டிருக்கான். எனக்கும் பொழுது போகல, நீங்க நடத்துங்க." அவள் மதிலில் முழங்கையை ஊன்றி, நாடகம் பார்க்க வந்தவளைப் போல வசதியாக நின்றுகொண்டாள்.

மச்சான் மூளை வேலை செய்தது. "மாடித் தொட்டியில நாலு ஹீட்டர் ராடைப் போட்டு விடலாம் அத்தான். பூமிக்கு ஒரு கை கொடுத்த மாதிரி."

"இது ஏமாத்து இல்லையா?"

"கடன் கேக்கப் போறவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டுப் போறதில்லையா? அது ஏமாத்தா?"

நான்கு ராடுகளும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. டப் என்று ஒரு சத்தம். விடுதி முழுவதும் இருண்டது. மோட்டார் நின்றது. மாடியில் மூன்றாம் எண் அறையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "யோவ்! தலை முழுக்க சோப்பு! தண்ணி எங்கய்யா?"

சரியாக அந்த நேரத்தில் கடன் அதிகாரி உள்ளே நுழைந்தார். "கரண்ட் இல்லையா?"

"இருக்கு மேடம்," என்றான் மச்சான். "மிச்சம் பிடிக்கிறோம்."

"நல்ல பழக்கம்," என்று அதிகாரி தலையசைத்து உட்கார்ந்தார்.

வெளிறிப்போன கணவனின் முகத்தை மனைவி ஒருமுறை பார்த்தாள். தையல் அறை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அவள் பெருமூச்சு விட்டுச் சமையலறைக்குப் போனாள். இருந்த பாத்திரங்களில் எல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொதிக்க வைத்தாள்.

"போட்ட முதல் எத்தனை வருஷத்துல திரும்பும்?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"ஏழே வருஷம் மேடம். நிலக்கரி வேண்டாம், கேஸ் வேண்டாம். பூமி சம்பளமும் கேக்காது, லீவும் கேக்காது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. "அது போக, சோப்பு வேற மிச்சம்."

"சோப்பா?"

"எங்க தண்ணிக்குப் பாதி சோப்பு போதும் மேடம். லேசாத் தேச்சாலே நுரை பொங்கும். எல்லாம் ஆழத்துல இருக்கிற கனிமம்."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "இதுல தோண்டுறதுதான் பெருஞ்செலவு. கீழ சூடு இல்லன்னா போட்ட காசு மண்ணோட மண்ணு. அதனால ரெண்டு விஷயம் பார்ப்போம். சூடு நிலையா வரணும். வாங்குறதுக்கு நிலையா ஒரு ஆள் இருக்கணும். ரெண்டும் இல்லன்னா இது வெறும் குழி."

மாடியில், மனைவி கொதிநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு இறங்கினாள். அது தெரியாத மச்சான், அறைக்காரரின் கூச்சல் பொறுக்காமல், தொட்டியில் இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் மூன்றாம் அறைக்குத் திருப்பிவிட்டான்.

"அய்யோ! வெந்துட்டேன்!"

அதிகாரி நிமிர்ந்தார். "யாரு அது?"

"எங்க வாடிக்கையாளர் மேடம்," என்றார் விடுதிக்காரர். "திருப்தியா இருக்காரு."

திருப்தியானவர் இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாகப் படியிறங்கி வந்து, நடைவழித் தையல் இயந்திரத்தில் இடித்துக்கொண்டு நின்றார். "காலையில ஐஸு! இப்ப நெருப்பு! தங்குற இடமா, தண்டனை குடுக்கிற இடமா இது?"

"காலையில ஐஸா?" என்றார் அதிகாரி மெதுவாக. வெப்பமானியைக் கையில் எடுத்தார். "தொட்டித் தண்ணி வேண்டாம். துளைக் குழாயில நேராப் பார்த்துடறேன்."

விடுதிக்காரர் குறுக்கே விழுந்தார். முதலில் டீ என்றார். பிறகு இன்னொரு டீ என்றார். பிறகு மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், நிழலில் உறங்கும் தகடுகளைக் காட்டினார். காற்றாலையைப் பெருமையோடு அவிழ்த்து விட்டார். அது போட்ட கிறீச்சலில் தெரு நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கும் நாங்களா கடன் குடுத்தோம்?" என்று கேட்டார்.

கீழே யாரோ, "அக்கா, சரியாயிடுச்சு, ஓடுது!" என்று கூப்பிட்டார்கள். "நல்ல கட்டத்துலதான் கூப்பிடுவான்," என்று முணுமுணுத்தபடி மதில் மேல் இருந்த தலை மறைந்தது.

இனி காட்ட ஒன்றுமில்லை. ஃபியூஸ் போட்டாகிவிட்டது, மோட்டாரும் உறுமியது. எல்லோரும் துளைக் குழாயடியில் கூடினார்கள். மனைவி கழுத்திலிருந்த நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். விடுதிக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மேடம், பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? உண்மை என்னன்னா..."

"ஆ!" அதிகாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழாயிலிருந்து ஆவி பறந்தது. "அடேங்கப்பா! என்ன சூடு! ம், என்ன உண்மை?"

"உண்மை என்னன்னா..." விடுதிக்காரர் மச்சானைப் பார்த்தார். நான் இல்லை என்று அவன் தலையாட்டினான். மனைவியைப் பார்த்தார். அவளும் இல்லை என்றாள். "பூமி எங்களைக் கைவிடல, மேடம்!"

அதிகாரி அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி அளந்தார். அதே சூடு. இன்னொரு தடவையும் அளந்தார். ஒரு மாற்றமும் இல்லை. முதன்முறையாகச் சிரித்தார். "சூடு நிலையா இருக்கு. வாங்குறதுக்கு ஆள்?"

விடுதிக்காரர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆள் நான் இருக்கேன்!" மதில் மேல் அந்தத் தலை திரும்பவும் முளைத்திருந்தது. "எனக்குப் பகல் முழுக்க வெந்நீர் வேணும். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"சலவைக்கடையா?" அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "இதைவிட நல்ல வாடிக்கை அமையவே அமையாது. கடன் கிடைச்ச மாதிரிதான்!"

மதில் மேலேயே தாளை விரித்து அக்கா கையெழுத்துப் போட்டாள். அதிகாரி கைகுலுக்கி விடைபெற்றார். மச்சான் விடுதிக்காரரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். துண்டுக்காரர்கூட, தலையில் மிச்சமிருந்த நுரையோடு கைதட்டினார்.

மனைவி நாடாவை நிதானமாகச் சுருட்டினாள். "போங்க, உங்க எரிமலையே ஜெயிக்கட்டும்."

"முதல் லாபத்துல உனக்குத் தையல் அறை. மாடியில, ஜன்னல் வச்சு!"

"ஜன்னல் ரெண்டு," என்றாள் அவள். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளிடமிருந்து பீறிட்டது. விடுதிக்காரர் குனிந்து, ஈரத் தரையைக் குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தார்.

மதிலுக்கு மேலிருந்து அக்கா பூரிப்போடு சொன்னாள்: "இனி அந்த ஓட்டை பாய்லரை நாளைக்கே எடைக்குப் போட்டுடுவேன் தம்பி, கொதிக்கிற சோப்புத் தண்ணியை நாள் முழுக்க உங்க மதிலோரப் பாழுங்கிணத்துல திறந்துவிடற வேலையும் எனக்கு மிச்சம், முதல் குழாயை மட்டும் எனக்கே போட்டுக் குடுத்துடுங்க, என்ன?"