வலது தோளில் ஓர் ஓட்டை

கூமோ,
ஏப்ரல் 9, வியாழன், காலை 9.20

பெருமதிப்புக்குரிய மச்சான் ரெய்யோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஆர்வோ எழுதுவது. இங்கே நானும் ஐலாவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி இன்னும் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இருக்கிறது. நேற்று துளை போட்டு அளந்தேன். அங்கே உங்கள் முழங்காலும், ஜன்னலோரத்தில் அக்கா வளர்க்கும் தக்காளி நாற்றும், தூர்க்கு நகரத்துக் காற்றும் உங்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளும் என்று நம்புகிறோம்.

இந்தக் கடிதம் ஒரு திருத்தம். முப்பத்தெட்டு வருஷம் நிருபராக இருந்தவன் நான். செய்தி தவறென்றால், எந்தப் பக்கத்தில் அது வந்ததோ அதே பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும் என்று பழகியவன். அக்டோபர் 20 அன்று உங்களுக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில், முப்பத்தோரு வருஷ வேட்டையில் என் முதல் மூஸ் மான் விழுந்தது, ஆண், பதினோரு கிளைக் கொம்பு, ஒரே குண்டு என்று தெரிவித்திருந்தேன். நீங்களும் பெரிய மனது பண்ணி, இனிமேல் கிறிஸ்துமஸ் விருந்தில் என்னை 'ஃபிளாஸ்க் வேட்டைக்காரர்' என்று கூப்பிடுவதில்லை, காட்டுக்குக் காப்பி குடிக்கப் போகிறவர் என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூஸை நான் சுடவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்று நாங்கள் சதுப்பு நிலத்தின் வடக்கு ஓரத்தில் வரிசையாக நின்றோம். எனக்கு மேற்கே முந்நூறு மீட்டரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் சில்வி. நாய் குரைத்து எழுப்பியதில் மூஸ் கிழக்கே பார்த்து, தன் இடப்பக்கத்தை எனக்குக் காட்டியபடி நடந்து வந்தது. சுட்டேன். அது சட்டென்று திரும்பி, இப்போது வலப்பக்கத்தை எங்களுக்குக் காட்டியபடி, மேற்கே ஊசியிலை மரக்கூட்டத்துக்குள் ஓடியது. அங்கே சில்வி சுட்டாள். விழுந்தது. வயர்லெஸ்ஸில் சில்வியின் குரல்தான் முதலில் வந்தது: "நான் சுட்டது மரத்துல பட்டுடுச்சு. மூஸ் ஆர்வோவோடது." எங்கள் வேட்டைத் தலைவர் உர்ப்போ, "எல்லாரும் தொப்பியக் கழட்டுங்கப்பா, ஆர்வோ சுட்டுட்டான்!" என்று கத்தினார். இறைச்சியில் வேட்டைச் சங்கத்தார் எல்லாருக்கும் பங்கு. தலையும் தோலும் வீழ்த்தியவருக்கு. அவர்கள் கொட்டகையில் தோலுரித்த நேரத்தில் நான் வெளியே நின்று, சுட்ட கதையை ஏழு பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் காயத்தை என் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு நிருபர் செய்யக்கூடாத தவறு.

பிறகு மண்டை ஓட்டு வேலை. தோலை உரித்து, தாடையைக் கழற்றி, மூளையைக் கம்பியாலும் குழாய்த் தண்ணீராலும் எடுத்து, மூன்று நாள் ஊறவைத்து, சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், இருக்கும் அண்டாவில் சலவைச் சோடா போட்டு வேகவைத்தேன். கொதிக்கவே கூடாது, லேசாகக் குமிழ் வர வேண்டும். நான்கு மணி நேரம் இருபது நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "ஆர்வோ, இது நான் தலைக்கு ஊத்திக்கிற தண்ணி காயுற அண்டா. அதுல என்ன மிதக்குது?" "மூக்கெலும்பு." "யாரோட?" நல்ல கேள்விதான், மச்சான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கழன்ற இரண்டு மூக்கெலும்பையும் பசை போட்டு ஒட்டினேன். வெளுப்பதற்கு மருந்துக்கடையில் பெராக்சைடு கேட்டபோது அங்கிருந்த பெண் என் வழுக்கையைப் பார்த்து, "இவ்வளவு எதுக்கு சார்? யாருக்கு முடி வெளுக்கணும்?" என்றாள். பஞ்சில் நனைத்து எலும்பில் மட்டும் பொத்தினேன். கொம்பில் ஒரு சொட்டுப் பட்டாலும் போச்சு, அங்கங்கே வெள்ளைத் தேமல் விழுந்துவிடும். படவில்லை. வெள்ளைப் பீங்கான் மாதிரி வந்தது, மச்சான், பொய் சொல்லவில்லை. ஐலாகூட விரலால் தொட்டுப் பார்த்தாள். தோலைச் சுரண்டி, பதினான்கு கிலோ கல் உப்பைத் தேய்த்து, சுருட்டி, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் தோல் பதனிடும் தோலோனெனிடம் கொடுத்தேன். இலையுதிர்காலத்தில் கொடுத்தால் வசந்தத்தில்தான் வரும், அவசரப்படாதீங்க என்றார். நான் அவசரப்படவில்லை.

மார்ச் 16, திங்கள், 10.05-க்கு தோலோனெனிடமிருந்து போன்.

"ரெண்டு ஓட்டை இருக்கு. தைக்கவா, அப்படியே விடவா?"

"எங்கே இருக்கு?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

"வலது தோள்ல சின்னது, பென்சில் நுழையும். இடது பக்கம் விலாகிட்ட பெரிசு, காப்பிக் கப் வைக்கலாம்."

"சின்னதுதானே குண்டு உள்ளே போனது?"

"பின்ன? உள்ள போறப்ப ஒழுங்காப் போகும், வெளிய வர்றப்பதான் கிழிக்கும்."

"சின்னது வலதுலயா? நல்லாப் பாருங்க."

"மேஜை மேல என் கண் முன்னாலதாங்க கிடக்கு. வலது."

நான் சுட்டது இடப்பக்கத்தில். உள்ளே போன ஓட்டை ஒன்றே ஒன்று, அதுவும் வலதில். இரண்டு பேர் சுட்டோம்; பட்டது ஒருவர் குண்டு. ஐலா அடுப்பங்கரையிலிருந்தே, "தைக்கச் சொல்லிட்டு போன வை, ஆர்வோ. மேல எதுவும் கேக்காதே" என்றாள். கேட்காமல் எப்படி இருப்பது?

முதலில் உர்ப்போவிடம் போய், தோலுரித்தபோது சின்ன ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். "தலைகீழாத் தொங்குது, ரெண்டு பக்கமும் ரத்தம். எது வலது எது இடதுன்னு பாக்க நான் என்ன தையல்காரனா? அஞ்சு மாசம் கழிச்சு நோட்டோட வந்து நிக்கிறான் பாரு! உனக்கு ஒண்ணு கிடைக்கணும்னு சங்கமே காத்துக் கிடந்துச்சு. கிடைச்சிடுச்சு. வாய மூடிக்கிட்டு சுவத்துல மாட்டுய்யா." அவர் வாயை மூடச் சொன்னதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு நாள், தொடையளவு பனியில், சில்வி சுட்டதாகச் சொன்ன மரத்தைத் தேடினேன். இருபத்து மூன்று மரம். பட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் குண்டு பட்ட தடம் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அவள் பேருந்தில் ஏறினேன்.

"சில்வி, உன் குண்டு எந்த மரத்துல?"

"மரம்னா மரம். நான் என்ன பேர் கேட்டுட்டா சுட்டேன்?"

"இருபத்து மூணையும் பாத்துட்டேன். ஒண்ணுலயும் இல்ல."

"உனக்கு வேற வேலை வெட்டி இல்லையா? உன்னோடதுதான், போ. கதவ மூடணும்."

தோலோனென் சொன்னதைச் சொன்னேன். நின்ற இடத்தையும் மூஸ் திரும்பியதையும் நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டாள். இதுவரை ஒன்பது சுட்டிருக்கிறாள், மச்சான், எல்லாம் பெட்டையும் கன்றும். அவள் வீட்டுச் சுவரில் ஒரு கொம்புகூடக் கிடையாது. "அப்ப... நான்தானா?" என்றாள். எப்போதும் பேருந்து ஹாரன் மாதிரிப் பேசுகிறவள், அதை அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். நீதான் என்றேன். உண்மை உண்மைதானே.

ஞாயிற்றுக்கிழமை மண்டை ஓட்டைப் பனிச்சறுக்கு வண்டியில் கட்டித் தள்ளிக்கொண்டு போய், அவள் சமையலறை ஜன்னலுக்கு மேலே, மட்டம் பார்த்து நானே மாட்டிக் கொடுத்தேன். தோல் வந்ததும் அதையும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். காப்பியும் அப்பமும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை, "முப்பத்தோரு வருஷத்துல ஒண்ணு கிடைச்சுது. அதையும் கேள்வி கேட்டே தொலைச்சாச்சு" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் வானிலை தவிர வேறெதுவும் பேசுவதில்லை. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இப்போது ஒரு ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே மச்சான், மே தினத்தன்று குடும்பம் கூடும்போது இந்தக் கடிதத்தை எல்லாரும் கேட்கும்படி முழுதாக வாசித்துவிடவும். சுருக்க வேண்டாம். அக்காவுக்கு எங்கள் வணக்கம். பேரப்பிள்ளைகள் பல்லும் படிப்பும் கெடாமல் வளர எங்கள் ஆசிகள். உங்கள் முழங்காலுக்குத் தனியாக அன்பு.

இப்படிக்கு,
உண்மையை மறைக்காத
ஆர்வோ கெம்ப்பைனென்

பின்குறிப்பு, அதே நாள், மாலை 4.40: மேலே உள்ளது எதையும் வாசிக்க வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போனபோது தோல் பார்சல் வந்திருந்தது. கூடத்தில் முடி மேலே தெரிய விரித்தேன். கழுத்து ஜன்னல் பக்கம், வால் என் பக்கம். சின்ன ஓட்டை இடது தோளில் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். ஐலாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் சமையல் கையுறையோடு வந்து பார்த்துவிட்டு, "இடது" என்றாள். தோலோனெனுக்கு போன் போட்டேன்.

"வலதுன்னீங்களே?"

"வலதுதான். நாங்க சதைப் பக்கத்தை மேல வெச்சுதான் வேலை பாக்கறது. என் வலது கைப் பக்கம் இருந்துச்சு. திருப்பிப் போட்டா இடது ஆயிடும்."

"அதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஓட்டை எங்கேன்னுதானே கேட்டீங்க? மானுக்கு எந்தப் பக்கம்னு கேக்கலியே!"

உடனே சில்விக்கு போன். விஷயத்தைச் சொன்னேன், தோலை எடுத்துவந்து காட்டுகிறேன் என்றேன். "அதெல்லாம் முடியாது, ஆர்வோ. நான் மரத்தைச் சுட்டேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இல்லேன்னு படம் போட்டு நிரூபிச்சது நீ. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிட்டேன். இனிமே விசாரணை, நோட்டுன்னு இந்தப் பக்கம் வந்தே, என் சுவத்துல ரெண்டு தலை தொங்கும்" என்றாள்.

என் தலை ஜன்னலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.