தொங்கிய பூட்டும் தேடிய சாவியும்

ஒப்புக்கொள்கிறேன்: கொரிய 'பூட்டிய அறை' நிகழ்ச்சிகளை என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள்தான் விழுந்து விழுந்து பார்ப்போம். ஆறேழு பேரை அறையில் அடைத்துவிடுவார்கள். அவர்கள் அலறுவார்கள், ஒருவரையொருவர் இழுப்பார்கள்; ஆனாலும் சாவியை யாரோ எங்கேயோ ஒளித்து வைத்திருப்பது உறுதி. எதற்கெடுத்தாலும் பதறுகிறவளுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்? (ஒரே நாளில் எட்டுப் பாகம் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.)

அன்று அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பா ஐஸ் வாங்க அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கடைக்குப் போயிருந்தார். அம்மா அறைக்குள் அக்காவுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அரை மணி முன்னதாகவே பழத்தட்டோடு வந்து நின்றார்கள். எங்கள் கிரில் கம்பிக் கதவிலோ பூட்டு தொங்கியது.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி, சாவி இங்கதான் இருக்கும்."

அப்பாவைப் போனில் அழைத்தேன். அவர் கைப்பேசி சோபாவில் கிடந்து பாடியது. அவ்வளவுதான், எனக்குள் இருந்த கொரியாக்காரி விழித்துக்கொண்டாள். நாள்காட்டியைப் புரட்டினேன். தாத்தா படத்தைக் கழற்றிப் பின்பக்கம் தடவினேன். கம்பிக்கு அப்பால் இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். கடைசியாக மேசைத் துணியைத் தூக்கியதும், அடியிலிருந்து காலிப் பெட்டிகள் சரிந்து வாசல்வரை போயின. கறிபாப், வடை, கேசரி. எல்லாவற்றிலும் கடைப்பெயர். அக்கா கைப்படச் செய்வதாக அம்மா இவர்களிடம் போனில் அளந்தவை அவை. அக்காவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுகை முட்டியது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, பூட்டு சும்மாதான் மாட்டியிருக்கு லா."

கம்பிக்குள் கைவிட்டு அவரே கழற்றினார். பகலில் வெளியே போனால், திருடனை ஏமாற்ற அப்பா பூட்டை அழுத்தாமல் மாட்டிவிட்டுப் போவார். பத்து வருடமாகப் பார்க்கிறேன்! (திருடன் ஏமாந்தானோ இல்லையோ, பெற்ற பெண் ஏமாந்தேன்.)

பெட்டிகளைக் காலால் சோபாவுக்கடியில் தள்ளி முடிப்பதற்குள் அம்மா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"சாப்பிடுங்க, எல்லாம் மூத்தவ கையால செஞ்சது."

"பாத்தோம், பாத்தோம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இரண்டு கறிபாப் சாப்பிட்டார். மூன்றாவதையும் எடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணம் நடந்தது. இப்போதும் தீபாவளிக்குத் தீபாவளி அக்காவின் மாமியார் எங்களுக்கு ஒரு பெட்டி கறிபாப் அனுப்புகிறார், அதே கடைப்பெயரோடு. மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'என் கையால் செய்தது.'